அரசினர் தாராண்மைக் கல்லூரிகள்: பயனும் இடரும்

விழாமலர் வெளியிடப்பெறும் காலங்களில் ஒரு கேள்வி தானாகவே எழுவதுண்டு. "இத்துணை ஆண்டுகளாக இந்நிறுவனத்தினால் நாடு பெற்ற பயன் யாது?" என்பதே அது. பழைய மாணவர்கள் தம் வாழ்க்கையையே அதற்கு விடையாக வைப்பர். எனினும், அன்புடையார் இக்கேள்வியைக் கேட்பது வேறு. பணப்பெட்டியின் திறவுகோலைக் கையிற் கொண்டோர் கேட்பது வேறு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவகைக் கல்லூரிகள் இன்று அவ்விரண்டாவது கேள்வியின் முன் நிற்கின்றன. அரசாங்கப் பணத்தைக்கொண்டு நடைபெறும் தாராண்மைக் கல்லூரிகளே அவை. அவற்றின் கதை நமக்கு முற்றிலும் அயலானதன்று. வட்டுக்கோட்டையின் வரலாற்றோடு அதற்கு உறவுண்டு. ஆதலின் அவற்றைப்பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

தாராண்மைக் கல்வி யாது?

தாராண்மைக் கல்வி என்னும் பெயர் இலத்தீன் மொழித் தொடரொன்றினின்றும் பிறந்தது. அடிமையல்லாத, தன்னுரிமையுடைய மனிதனுக்கு ஏற்ற கல்வி என்பது அதன் பொருள். இடைக்கால ஐரோப்பியர் அதனை ஏழு கலைகளாக வகுத்தனர். இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்பன மூன்று; எண்கணிதம், கேத்திரகணிதம், இசை, வானநூல் என்பன நான்கு. இவற்றுட் கணிதமும் வானநூலும் இடம்பெற்றிருத்தல் நோக்கற்பாலது. நம் நாட்டில் உயர்தர வகுப்பிற் புகும் மாணவரைக் கலைப்பிரிவினர், விஞ்ஞானப்பிரிவினர் எனக் கூறுபடுத்திவிடுகின்றோம். கலைப்பிரிவு என்பது கணிதத்துக்கு அஞ்சினார் புகலிடம் என எண்ணுவாரும் உளர். தாராண்மைக் கல்லூரி அத்தகையதன்று. ஆங்கு இரசாயனத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட மாணவி வரலாற்றையோ தத்துவத்தையோ கற்றேயாதல் வேண்டும். இலக்கியம் பயிலும் மாணவன் விஞ்ஞானம் ஒன்றனை ஆய்வுகூடத்தில் நின்று பயிலுதல் வேண்டும். ஒரு துறையில் ஆழமும் பல துறைகளிற் பரப்பும் ஒருங்கே பெறுவித்தலே அக்கல்வியின் நோக்கமாம்.

செல்வர்க்குரியது எல்லார்க்குமானவாறு

அமெரிக்காவில் இக்கல்வி நெடுங்காலம் தனியார் கல்லூரிகளின் உடைமையாகவே இருந்தது. 1793இல் தோன்றிய வில்லியம்ஸ் கல்லூரியும், 1821இல் தோன்றிய அம்ஹேர்ஸ்ட் கல்லூரியும் அவ்வகையின. அவற்றின் கட்டணம் இன்று எளியோர் எட்டவொண்ணாதது. உதவிப்பணம் பெற்றார் சிலரே ஏறமுடியும். ஒரு மாநிலத்து மக்கள் வரிப்பணத்தினால் அதே கல்வியைக் குறைந்த கட்டணத்தில் அம்மாநிலப் பிள்ளைகளுக்கு ஏன் வழங்கலாகாது என்னும் வினாவின் பயனே அரசினர் தாராண்மைக் கல்லூரி.

இவற்றுட் பல, ஆசிரியரைப் பயிற்றும் பள்ளிகளாகவே பிறந்தன என்பதை அறியும்போது, பயிற்றப்பட்ட ஆசிரியர் எவர்க்கும் உவகை பிறவாதிராது. மிசூரி மாநிலத்தில் இன்று ட்ரூமன் பல்கலைக்கழகம் என வழங்குவது, 1867இல் ஆசிரிய பயிற்சிப் பள்ளியாகத் தோன்றியதே. 1985இல் அம்மாநிலச் சட்டமன்றம் அதனைத் தாராண்மைக் கல்விக்குரிய நிறுவனமாக வகுத்தது. 1996இல் அது இப்பெயர் பெற்றது. நியூயோர்க் மாநிலத்து ஜெனசியோ, வேர்ஜீனியா மாநிலத்து மேரி வொஷிங்டன் முதலிய நிறுவனங்களின் தொடக்கமும் அவ்வாறானதே. கிராமப் பாடசாலைக்கு ஆசிரியரை அனுப்பிய இடம், காலப்போக்கில் கிராமத்துப் பிள்ளைக்குப் பரந்த கல்வி அளிக்கும் இடமாயிற்று. இத்தகைய கல்லூரிகள் கூடி 1987இல் தமக்கென ஒரு பேரவையையும் அமைத்துக்கொண்டன. இன்று ஏறக்குறைய முப்பது நிறுவனங்கள் அதில் அங்கம் வகிக்கின்றன.

பயன்

இவற்றின் முதற்பயன் கற்பிக்கும் முறையிலேயே உளது. பெரும் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவன் நூற்றுக்கணக்கானோருள் ஒருவனாய் அமர்ந்திருப்பான். பேராசிரியரின் கவனமோ பெரிதும் ஆராய்ச்சியிற் சென்றிருக்கும். தாராண்மைக் கல்லூரியில் வகுப்புச் சிறிது, பேராசிரியரே கற்பிப்பார், கட்டுரையைத் திருத்துபவரும் அவரே. வொஷிங்டன் மாநிலத்து எவர்கிறீன் கல்லூரி 1971இல் வகுப்புகளைத் தொடங்கியபோது இன்னும் ஒருபடி மேற்சென்றது. வெவ்வேறு துறை ஆசிரியர் இருவர் மூவர் ஒன்றுகூடி ஒரு பொருளைக் கற்பிக்கும் முறையை அது கைக்கொண்டது. புள்ளியிடுதலை விடுத்து, மாணவர் ஒவ்வொருவரின் வேலையையும் சொற்களால் விளக்கி மதிப்பீடு எழுதும் வழக்கத்தையும் மேற்கொண்டது. நாற்பது கொப்பிகளை ஓரிரவிற் புள்ளியிட்டு முடிக்கும் ஆசிரியர்க்கு இஃது எத்துணை உழைப்பு என்பது விளங்கும்.

இரண்டாவது பயன், ஒதுக்கப்பட்டார்க்கு வாயில் திறத்தல். மினசோட்டா மாநிலத்தின் மொறிஸ் நகரில் 1887இல் அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளுக்கென விடுதிப் பள்ளியொன்று தொடங்கப்பெற்றது. அத்தகைய பள்ளிகள் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்தம் மொழியையும் வழக்கங்களையும் மறக்கச் செய்தன. 1909இல் அந்நிலமும் கட்டடங்களும் மாநிலத்துக்கு மாற்றப்பட்டபோது, பழங்குடி மாணவரைக் கட்டணமின்றிச் சேர்த்தல் வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. பின்னர் விவசாயப் பள்ளியாயிருந்த அவ்விடம் 1960இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் தாராண்மைக் கல்லூரியாயிற்று. அந்நிபந்தனை இன்றும் போற்றப்படுகின்றது. கொலராடோ மாநிலத்தின் போர்ட் லூயிஸ் கல்லூரியும் அத்தகைய ஏற்பாடு உடையது. ஒரு மக்களின் மொழியை அழிக்க எழுந்த கட்டடத்தில் அம்மக்களின் பேரர் தம் விருப்பப்படி கற்பது சிறிய காரியமன்று. இலாபம் கருதும் நிறுவனம் இந்நிபந்தனையை நூறாண்டுக்கு மேலாகச் சுமந்திருக்குமோ என்பது ஐயமே.

இடர்கள்

இனி, இடர்களை நோக்குவோம். முதலாவது பணம். சிறிய வகுப்புச் செலவு மிக்கது. 2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர்ப் பல மாநிலங்கள் உயர்கல்விக்கான மானியத்தைக் குறைத்தன. அக்குறையை நிரப்பக் கட்டணம் உயர்ந்தது. கட்டணம் உயரவே, எளியோர்க்கான கல்லூரி என்னும் பெயர் தளர்ந்தது.

இரண்டாவது மாணவர் தொகை. அந்நெருக்கடியோடு அமெரிக்காவிற் பிறப்புகளும் குறையத் தொடங்கின. அன்று பிறவாத பிள்ளைகள் இன்று கல்லூரி வாயிலில் இல்லாத மாணவர்களாவர். வருவோருட் பலரும், கடன்பட்டுக் கற்பதனால், உடனே வேலை தரும் பாடங்களையே நாடுகின்றனர். எவர்கிறீன் கல்லூரியின் மாணவர் தொகை பத்தாண்டு காலத்துள் ஏறக்குறையப் பாதியாயிற்று. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஆஷ்வில் கல்லூரி, வரவினும் செலவு மிகுந்தமையால், 2024ஆம் ஆண்டு தத்துவம், நாடகம், சமயக் கல்வி, பண்டை மத்தியதரைக்கடல் நாகரிகம் ஆகிய நான்கு துறைகளை மூட முடிவு செய்தது. தத்துவத் துறையில்லாத தாராண்மைக் கல்லூரி யாது என்பது அங்குள்ளார் கேட்கும் கேள்வி.

மூன்றாவது அதிகாரம். அரசு பணம் தருமிடத்து ஆட்சியாளரின் கையும் நீளும். புளோரிடாவின் நியூ கல்லூரி 1960இல் தனியார் கல்லூரியாகத் தோன்றி, 1975இல் அரசினர்வசம் சென்று, 2001இல் தனி நிறுவனமாயிற்று. 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் மாநில ஆளுநர் அதன் நிருவாக சபைக்கு ஆறு புதிய உறுப்பினரை ஒருங்கே நியமித்தார். தலைவர் நீக்கப்பட்டார், ஆசிரியர் பலர் விலகினர், பாடத்துறையொன்றை ஒழிக்கவும் சபை தீர்மானித்தது. கல்லூரி ஒருபக்கச் சார்புடையதாயிற்று, அதனை நேராக்குகின்றோம் என்றனர் ஒருசாரார். கல்விச் சுதந்திரம் பறிபோயிற்று என்றனர் மறுசாரார். யார் கூற்று உண்மையாயினும் ஒன்று தெளிவு: தனியார் கல்லூரியைச் செல்வரின் விருப்பு அசைக்கும், அரசினர் கல்லூரியைத் தேர்தலின் முடிவு அசைக்கும்.

வரியிறுப்போன் தன் பணத்துக்குக் கணக்குக் கேட்டல் தவறன்று. பிறர் பிள்ளை தத்துவம் கற்க, வயலில் உழைப்பவன் ஏன் பணம் தரவேண்டும் என்பது நேர்மையான வினாவே. ஆயின், கணக்கை எப்பொழுது முடிப்பது என்பதிலேதான் பிழை நேர்கின்றது.

வட்டுக்கோட்டை தரும் விடை

இதற்குச் சான்று நம் மண்ணிலேயே உண்டு. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். அதன் முதல் அதிபராகிய டானியல் பூவர், டார்ட்மத் என்னும் அமெரிக்கத் தாராண்மைக் கல்லூரியில் கற்றுத் தேறியவர். தம் நாட்டுக் கல்லூரியின் சாயலிலேயே அவர்கள் அதனை அமைத்தனர். ஆங்கிலத்தோடு தமிழும், கணிதமும், வானநூலும் ஆங்குக் கற்பிக்கப்பட்டன. முப்பதாண்டு கழிந்தபின் பணம் அனுப்பிய சபையினர் கணக்குப் பார்த்தனர். கற்றவர்கள் சமய ஊழியம் புரிவதை விடுத்து அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர் எனக் கண்டனர். 1855இல் செமினரி மூடப்பட்டது. சபையின் நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டால் அம்முடிவு பொருந்தியதே.

ஆயின், மூடிய இரண்டாண்டுகளுள் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியின் மாணவர்களே. தாமோதரம்பிள்ளை பின்னாளில் ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். செல்லரித்து மறையவிருந்த நூல்கள் நம் கைக்கு வந்தன. மிசனரிமார் எண்ணாத பயன் இது. எந்த ஆண்டறிக்கையிலும் இடம்பெற முடியாத பயன். விதைத்தவர் கணக்கை மூடி முப்பதாண்டு சென்றபின் விளைந்த விளைவு.

நம் நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி நிலவுகின்றது. பல்கலைக்கழகக் கலைப்பீடங்களும் மக்கள் பணத்தினாலேயே நடைபெறுகின்றன. அங்குக் கற்றோர் வேலையின்றி வாடுதலும் மறைக்கவொண்ணாத உண்மை. அதற்கு மருந்து கலைப்பீடங்களைச் சுருக்குதலன்று, அவற்றைப் பரந்தனவாக்குதலே. தமிழ் கற்பவன் கணிதத்தையும் கணினியையும் அஞ்சாதிருத்தல் வேண்டும். பொறியியல் கற்பவன் தன் மொழியிற் பிழையின்றி ஒரு பக்கம் எழுதவல்லனாதல் வேண்டும். குறிப்பை மனனம் செய்து ஒப்புவிப்பது தாராண்மைக் கல்வியன்று என்பதை ஆசிரியராகிய நாமும் உணர்தல் வேண்டும். தன்னுரிமையுடைய மனிதனுக்கு ஏற்ற கல்வி, கேள்வி கேட்க அஞ்சாத வகுப்பறையிலேதான் தொடங்கும்.

பழைய மாணவர்களே, உங்கள் பொருளுதவியால் நம் கல்லூரியிற் கட்டடங்கள் எழும், அது நன்று. நூல்நிலையத்துக்கு ஒரு நூல் வாங்கித் தரும்போது, அதனை இவ்வாண்டுப் பரீட்சையில் எத்தனை பேர் பயன்படுத்துவர் எனக் கேளாதிருப்பீராக. அதனைத் திறக்கவேண்டிய பிள்ளை இன்னும் ஆறாம் வகுப்பிற் சேராதிருக்கக்கூடும். அப்பிள்ளை வரும் நாள்வரை நூல்நிலையக் கதவு திறந்திருக்கட்டும்.