வாத்தியாருக்கும் ஒரு வகுப்பு!
தீக்குச்சியில் தொடங்குகிறது என்ஜினீயரிங்

திருவட்டாறு பக்கம் போகிறவர்கள் பலர் மாத்தூர் தொட்டிப் பாலத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள்.

பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் அந்தப் பாலம் நிற்கிறது. அதைத் தாங்கும் தூண்கள் 28. காமராஜர் முதல்-அமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்டு, 1966-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. ஒரு குன்றின் பக்கம் வரும் கால்வாய்த் தண்ணீர், தொட்டி வழியாக ஆற்றைத் தாண்டி அடுத்த குன்றுக்குப் போகிறது. விளவங்கோடு, கல்குளம் பகுதி நிலங்களுக்குப் பாய்கிறது.

இந்தப் பாலத்தைத் தினமும் பார்க்கும் சிறுமி ஒருத்தி, "டீச்சர், மோட்டார் இல்லாமல் தண்ணீர் எப்படி அந்தப் பக்கம் போகிறது?" என்று வகுப்பில் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றால் கேள்வி அத்தோடு முடிந்தது. "வா, செய்து பார்ப்போம்" என்றால் அங்கே ஓர் என்ஜினீயர் உருவாகத் தொடங்குகிறார்!

ஆனால், அப்படிச் சொல்ல ஆசிரியருக்குத் துணிச்சல் வேண்டும். தாமே ஒரு முறை செய்து பார்த்திருந்தால்தான் அந்தத் துணிச்சல் வரும். அதற்குத்தான் பயிற்சி.

சந்தையில் கிடைத்த சாமான்

மத்தியப் பிரதேசத்தில் அன்றைய ஓசங்காபாத் மாவட்டம். அங்கே 1972-ம் ஆண்டு, 16 பள்ளிகளில் ஒரு புதுமை தொடங்கியது. விஞ்ஞானத்தை மனப்பாடம் செய்யக்கூடாது. பிள்ளைகளே சோதனை செய்து கற்க வேண்டும் என்பது திட்டம்.

முதலில் மாணவர் ஆனவர்கள் யார் தெரியுமா? கிராமத்து ஆசிரியர்கள்! பிள்ளைகள் செய்யவேண்டிய சோதனைகளைப் பயிற்சி முகாமில் அவர்கள் தங்கள் கையாலேயே செய்து பார்த்தார்கள். 2002-ம் ஆண்டு வரை, 30 ஆண்டுகள் இந்தத் திட்டம் நடந்தது.

1978-ம் ஆண்டு அங்கே வந்து சேர்ந்தார், அர்விந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், வாகனத் தொழிற்சாலையில் என்ஜினீயர். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். கிராமத்துச் சந்தையில் அவர் கண்ணில் பட்டது சைக்கிள் வால்வு டியூப். அதைத் துண்டு துண்டாக வெட்டித் தீக்குச்சிகளைச் செருகினார். முக்கோணம், சதுரம், வீடு எல்லாம் உருவாயின! பின்னாளில், 2018-ம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நீங்களும் செய்யலாம்

தீக்குச்சியின் மருந்தை முதலில் பெரியவர்கள் நீக்கிவிட வேண்டும். மூன்று குச்சிகளை எடுத்து, மூலைக்கு ஒரு டியூப் துண்டு வைத்து இணையுங்கள். முக்கோணம் தயார். அமுக்கினால் உருவம் மாறாது.

நான்கு குச்சிகளில் சதுரம் செய்யுங்கள். விரல் பட்டதும் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு நீளக் குச்சியைக் குறுக்கே கொடுங்கள். உறுதியாகிவிடும்! ரெயில் பாலத்திலும் மின்சாரக் கோபுரத்திலும் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா?

சரி, சிறுமியின் கேள்விக்கு விடை? ஒரு வாழை மட்டை போதும். ஒரு முனையைச் சற்று உயர்த்தித் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரே பதில் சொல்லும். சரிவு இருந்தால் மோட்டார் தேவையில்லை!

கருவி மட்டும் போதுமா?

மத்திய அரசு 2016-ம் ஆண்டு அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. தமிழக அரசு 2022-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி 'வானவில் மன்றம்' தொடங்கியது. 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோதனைகள் செய்து காட்ட, பயிற்சி பெற்றவர்கள் பள்ளிக்கே வருகிறார்கள்.

நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால், வந்தவர் போன பிறகு வகுப்பில் நிற்பவர் ஆசிரியர். பயிற்சி என்றால் நாள் முழுவதும் சொற்பொழிவு கேட்டு, கையெழுத்துப் போட்டுத் திரும்புவது அல்ல. பாலம் சரிய வேண்டும். ஏன் சரிந்தது என்று ஆசிரியர்கள் கூடிப் பேச வேண்டும். மறுபடி கட்ட வேண்டும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

குமரி மாவட்ட ஆசிரியர்களுக்குத் தேரூரில் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மாத்தூரில் 28 தூண்களோடு ஒரு பாடப்புத்தகமே நிற்கிறது. இரண்டையும் இணைத்தால் போதும்!

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நாளை உங்கள் பிள்ளை வால்வு டியூப் வேண்டும் என்று கேட்டால் திட்டாதீர்கள். வாங்கிக் கொடுங்கள்!