ஒரு பிள்ளை குறைந்தால் ஒரு வாத்தியார் குறைவார்!
பங்குப் பள்ளிக்கூடங்களுக்குத் தேவை பத்தாண்டுத் திட்டம்

திருவண்ணாமலை,

61 பிள்ளைகள் படித்தால் 3 வாத்தியார். 60 பிள்ளைகள் படித்தால் 2 வாத்தியார். ஒரே ஒரு பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு போனால் ஒரு வாத்தியார் இடம் காலி!

இது விடுகதை அல்ல. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் தொடக்கப் பள்ளிகளுக்குப் போட்டிருக்கும் கணக்கு. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 121 முதல் 200 வரை 5 பேர்.

தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 1-ந் தேதி பதிவேட்டில் இருக்கும் தலைகளை எண்ணித்தான் ஆசிரியர் இடங்களை முடிவு செய்கிறார்கள். கணக்கில் மிஞ்சியவர் "உபரி". அஞ்சு வகுப்பையும் ரெண்டு வாத்தியார் மேய்க்கிற நிலை வந்தால், அடுத்த ஆண்டு இன்னும் பத்துப் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போகும். அதற்கு அடுத்த ஆண்டு இருபது. கடைசியில் கதவுக்குப் பூட்டு.

"ஆர்.சி. பள்ளிக்கூடம்" என்று ஊர் ஜனங்கள் சொல்லும் கத்தோலிக்கப் பங்குப் பள்ளிகளுக்கு இன்று இருக்கும் பெரிய சோதனை இதுதான்.

வேனா, நடையா?

ரமணாசிரமம் பகுதியில் செங்கம் ரோட்டு ஓரம் வாழ்கிறவர்களில் ஆட்டோ ஓட்டுகிறவர், பூக்கட்டுகிறவர், டீக்கடைக்காரர், தங்கும் விடுதியில் வேலை செய்கிறவர் என்று பலதரப்பட்டவர்கள் உண்டு. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற பேச்சு வந்தால் இரண்டு கட்சி.

"இங்கிலீஷ் மீடியம் போட்டாத்தான் பொழைப்பான். கடன் வாங்கியாவது வேன் வெச்சு அனுப்பிடுவேன்" என்பார் ஒருவர்.

"நம்ம காலத்துல ஆர்.சி. ஸ்கூல்ல படிச்சவன் கையெழுத்தைப் பாரு. அடிச்சு வளர்த்தாலும் ஆளாக்கிட்டாங்க" என்பார் இன்னொருவர்.

பழைய பெருமை மட்டும் புதுப் பிள்ளையைக் கொண்டு வராது. இன்னும் பத்து ஆண்டில் இந்தப் பள்ளி எப்படி இருக்கும் என்று பெற்றோர் கேட்டால், பதில் சொல்ல ஒரு தாளாவது கையில் இருக்க வேண்டும்.

3 ரூபாய் கதை

பள்ளிக்கூடத்துச் சம்பளத்துக்கும் இந்தப் பகுதிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு.

1896-ம் ஆண்டு மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான் வெங்கட்ராமன் என்ற 16 வயதுப் பையன். அண்ணனின் காலேஜ் சம்பளம் கட்டுவதற்கு 5 ரூபாய் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அதில் 3 ரூபாயை ரெயில் செலவுக்கு எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைச் சீட்டோடு வைத்துவிட்டுப் புறப்பட்டான். அண்ணனின் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்ற தகவலையும் அந்தச் சீட்டில் மறக்காமல் எழுதி வைத்தான்!

அந்தப் பையன் செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். அவர்தான் ரமண மகரிஷி. கிறிஸ்தவ மிஷன் பள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் பெயரில்தான் இன்று இந்தப் பகுதியே இருக்கிறது.

அன்று சம்பளம் கட்டாவிட்டால் படிப்பு இல்லை. இன்று அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் தொடக்கக் கல்வி படிக்கும் பிள்ளைக்குப் படிப்புச் சம்பளம் கிடையாது. ஆனால் பள்ளிக்குச் செலவு இல்லை என்று அர்த்தமா?

யார் தருவது? யார் சுமப்பது?

அங்கீகரித்த ஆசிரியர்களுக்கு மாதச் சம்பளம் அரசாங்கம் தருகிறது. புத்தகம், சீருடை, மதிய உணவும் அரசுத் திட்டங்களில் வருகின்றன. ஆனால் ஓடு மாற்றுவது, சுவர் பூசுவது, கக்கூஸ் கட்டுவது எல்லாம் பெரும்பாலும் நிர்வாகத்தின் தலையில்தான்.

இன்னொரு முக்கியமான சங்கதி. 1991-92-க்குப் பிறகு தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கும் கூடுதல் வகுப்புகளுக்கும் புதிதாகச் சம்பள மானியம் தருவது நின்றுபோனது. ஆகவே பழைய மானியப் பள்ளி ஒன்றை இன்று மூடினால், நாளை அதே மானியத்தோடு திறக்க வழி இல்லை. போனது போனதுதான்!

சாமியார் மாறினால்...

பங்குப் பள்ளிக்குத் தாளாளர் பெரும்பாலும் பங்குச் சாமியார்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவருக்கு மாற்றல் வரும். திருவண்ணாமலை சேர்ந்திருக்கும் வேலூர் மறைமாவட்டம் 1952-ம் ஆண்டு உண்டானது. இத்தனை ஆண்டில் ஒரு பங்குக்கு எத்தனை சாமியார் வந்து போயிருப்பார்கள்!

ஒருவர் வருவார், மேடை கட்டுவார். அடுத்தவர் வருவார், கம்ப்யூட்டர் வாங்குவார். மூன்றாமவர் வந்து பார்த்தால் மேடைக்கு மேலே கூரை ஒழுகும், கம்ப்யூட்டர் உறையோடு தூங்கும். யார் மேலும் குற்றம் இல்லை. ஒவ்வொருவரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் முன்னவர் மனதில் இருந்த திட்டம் அவர் பெட்டியோடு ஊர் போய்விட்டது.

இதற்கு மருந்து சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. 1983-ம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் வேண்டும் என்கிறது. சொத்தை நிர்வகிக்க வருகிறவர் பொறுப்பு ஏற்கும்போது உடைமைகளுக்குப் பட்டியல் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

அந்தப் பட்டியலோடு பள்ளியின் பத்தாண்டுத் திட்டத்தையும் ஒரே நோட்டில் எழுதி, நிதிக்குழு, தலைமை ஆசிரியர், பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை மறைமாவட்டக் கல்வி அலுவலகத்தில் கொடுத்துவிட்டால்? சாமியார் மாறலாம். நோட்டு மாறாது.

கல்வி உரிமைச் சட்டத்திலும் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழு மூன்றாண்டு வளர்ச்சித் திட்டம் தீட்ட வேண்டும் என்கிறது அது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கட்டாயம் இல்லை, சரி. ஆனால் திட்டம் போடக் கூடாது என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லையே!

பிடி அரிசி

"திட்டம் போடலாம், துட்டு எங்கே?" என்ற கேள்வி உடனே வரும்.

பக்கத்துக் கேரளாவில் 19-ம் நூற்றாண்டில் குரியாக்கோஸ் சாவரா என்ற கத்தோலிக்கப் பாதிரியார் இதற்கு வழி கண்டார். கோவிலுக்குக் கோவில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். ஏழைப் பிள்ளைகள் பசியோடு வந்தால் படிப்பு ஏறாது என்று அவருக்குத் தெரியும். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வையுங்கள் என்றார். அந்தப் பிடி அரிசி சேர்ந்துதான் பிள்ளைகளுக்குச் சோறு ஆனது. 2014-ம் ஆண்டு அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. காமராஜர் முதல்-அமைச்சராக இருந்தபோது, நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தார். 1958-ம் ஆண்டு செங்கற்பட்டு ஜில்லா கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பள்ளிக்கு என்ன குறை என்று முதலில் பட்டியல் போட்டார்கள். பிறகு ஊரைக் கூட்டினார்கள். ஒருவர் பெஞ்சு தந்தார், ஒருவர் கடிகாரம் தந்தார், ஒருவர் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். ஊர் ஊராக அது பரவியது.

இதில் பாடம் என்ன? பட்டியல் முதலில், வசூல் பிறகு. எதற்கு என்று தெரிந்தால்தான் ஜனங்கள் கை நீளும்.

கணக்கும் பெரிய கணக்கு இல்லை. பங்கில் 100 வீடுகள். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்று மனமுவந்து கொடுத்தால் மாதம் 5 ஆயிரம். ஆண்டுக்கு 60 ஆயிரம். பத்து ஆண்டில் 6 லட்சம், வட்டி தனி. சீட்டுக் கட்டிப் பழகிய கடைக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இது பங்கு மக்களும் பழைய மாணவர்களும் விரும்பிக் கொடுப்பது. பிள்ளைகளிடம் கட்டாய வசூலாக மாறினால் திட்டம் அன்றோடு செத்தது.

முதல் வேலை எது?

பட்டியலில் முதல் வரி எது என்பதில் சந்தேகமே வேண்டாம். உயிர்!

2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிஞ்சுகள் கருகின. மேலே கீற்றுக் கொட்டகை, வெளியேறக் குறுகலான வழி. 2021-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி நெல்லையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் பலியானார்கள். இரண்டுமே படிக்கப் போன இடத்தில் நடந்த சாவு.

2024-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலையிலேயே மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் இறந்தார்கள். மலையடிவாரத்து ஊரில் எந்தக் கட்டிடத்துக்கும் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்ற கேள்வி இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மடங்கு இருக்கிறது.

ஆகவே முதல் இரண்டு ஆண்டு சுவர், கூரை, மின்சார ஒயர், வெளியேறும் வழி, கழிவறை. பொறியாளரைக் கூப்பிட்டு, கட்டிட உறுதிச் சான்றிதழைக் காகிதத்துக்காக வாங்காமல் உண்மையாகவே பார்த்து வாங்க வேண்டும். வர்ணம் அடிப்பது அதற்கு அப்புறம்!

அடுத்த மூன்று ஆண்டு வகுப்பறை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தடுமாறாமல் ஒரு பக்கம் படிக்கிறதா? கழித்தல் கணக்குப் போடுகிறதா? ஆண்டுக்கு இருமுறை சோதித்து நோட்டில் எழுத வேண்டும். இங்கிலீஷ் பேசப் பழக்க வேண்டும். பெற்றோர் வேனைத் தேடி ஓடுவது அதற்காகத்தானே! கடைசி ஐந்து ஆண்டில் புதுக் கட்டிடம், நூலகம், விளையாட்டுத் திடல் என்று ஆசைப்படலாம்.

பௌர்ணமியும் பள்ளியும்

எல்லா ஊருக்கும் பொதுவான திட்டம் இந்த ஊருக்குப் போதாது. பௌர்ணமி வந்தால் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் ஜனக்கடல். ரமணாசிரமம் வாசல் வழியாகத்தான் கூட்டம் போகும். பஸ்கள் மாற்றுப் பாதையில் ஓடும். கார்த்திகைத் தீபம் என்றால் சொல்லவே வேண்டாம். அந்த நாட்களில் வியாபாரம் செய்கிற வீட்டுப் பிள்ளைகள் கடையில் கைகொடுக்கப் போவதும் உண்டு.

பஞ்சாங்கத்தைப் பார்த்து ஜூன் மாதமே ஆண்டுக்கான பௌர்ணமி நாட்களைக் குறித்துக்கொண்டு, பரீட்சையை அந்த நாட்களில் வைக்காமல் இருந்தால் பைசா செலவு இல்லாத சீர்திருத்தம் அது. கன்னியாஸ்திரி டீச்சர் பஞ்சாங்கம் பார்த்தால் தப்பா என்ன?

கதவு தட்டும் வாய்ப்பு

அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் இருந்த சில சலுகைகள் இப்போது மானியப் பள்ளிகளுக்கும் வந்திருக்கின்றன. காலை உணவுத் திட்டம் 2024-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தது. தொடங்கிய இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி நகர்ப்புறத்துக்கு விரிந்தது. அது தொடங்கியது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில்.

உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருவது 2024 ஆகஸ்டில் தொடங்கியது. மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் அந்த ஆண்டு டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது.

இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? பள்ளி வாசலில் ஒரு பலகையில் எழுதி வைத்தாலே வேனுக்குப் பணம் எண்ணுகிற கை கொஞ்சம் யோசிக்கும்.

மணி அடிக்க வேண்டும்

பல ஊர்களில் பங்குப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகள்தான். திருநீறு பூசிய நெற்றியும் தொப்பி போட்ட தலையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லும் இடம் அது. ஆகவே திட்டம் போடுவது பங்குச் சாமியாரின் வேலை மட்டும் அல்ல. அங்கே படித்துவிட்டு இன்று கடை வைத்திருப்பவருக்கும், ஆபீசில் பேனா பிடிப்பவருக்கும், ஆட்டோவில் சாரதியாக இருப்பவருக்கும் அதில் பங்கு உண்டு.

மகள் பிறந்த வருடமே ஒரு பித்தளைக் குடம் வாங்கி வைக்கிற ஊர் இது. கல்யாணத்துக்கு இருபது வருடம் முன்னால் யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பத்து வருடம் முன்னால் யோசிப்பது கஷ்டமா?

ஆகஸ்டு 1-ந் தேதி ஒவ்வோர் ஆண்டும் வரும். அன்று பதிவேட்டில் 61-வது பெயர் இருக்க வேண்டும்!