டெலிபோன் டைரக்டரியைக் கிழித்து வரைந்த ஓவியர்... காகிதம் பழுத்தால் ஓவியம் என்னாகும்?

கிட்டத்தட்ட ஏ4 அளவில் ஒரு சின்ன ஓவியம். அகலமான பிரஷால் ஓங்கி இழுத்த கறுப்புத் தீற்றல்கள். மனித முகமோ, மரமோ, வீடோ எதுவும் இல்லை. இன்னும் நெருங்கிப் பார்த்தால் பெயின்ட்டுக்கு அடியில் பொடி எழுத்துகள் வரிவரியாகத் தெரிகின்றன. அத்தனையும் பெயர்கள், முகவரிகள், போன் நம்பர்கள்!

ஆம், அது டெலிபோன் டைரக்டரியிலிருந்து கிழித்த பக்கம்தான். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்த ஓவியம் 1952 வாக்கில் வரையப்பட்டது. இங்க், ஆயில் பெயின்ட், வெட்டி ஒட்டிய டைரக்டரி பக்கங்கள்... இவ்வளவுதான் இதன் மூலப்பொருள்கள். வரைந்தவர் ஃபிரான்ஸ் க்ளைன், அமெரிக்காவின் புகழ்பெற்ற அரூப ஓவியர்களில் ஒருவர்.

பழைய பேப்பர்காரருக்குப் போயிருக்க வேண்டிய காகிதத்தில் ஏன் வரைந்தார்? அந்தக் காகிதத்துக்கு இன்று என்ன பிரச்னை? இரண்டுக்கும் விடை அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

நிலக்கரி ஊரின் பிள்ளை

1910-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்க்ஸ்-பேரி நகரத்தில் பிறந்தார் க்ளைன். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி அது. கரி ஏற்றிச் செல்லும் ரயில்கள், இரும்புப் பாலங்கள், புகை... இவற்றைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பையன்.

அவருக்கு ஏழு வயது இருக்கும்போது அப்பா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறகு க்ளைனை ஃபிலடெல்ஃபியாவில் உள்ள ஜிரார்டு காலேஜில் சேர்த்தார்கள். பெயரில்தான் காலேஜ், அது தந்தையை இழந்த சிறுவர்களுக்கான உறைவிடப் பள்ளி. அம்மா மறுமணம் செய்துகொண்டது ரயில்வேயில் வேலை பார்த்தவரை. ஆகவே, ரயில் அந்த வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை.

பிற்காலத்தில் க்ளைன் தன் அரூப ஓவியங்களுக்கு வைத்த பெயர்களில் இந்த நினைவு தெரிகிறது. 1950-ல் வரைந்த ‘சீஃப்’ என்ற ஓவியத்தில் ரயிலின் உருவம் எதுவும் கிடையாது. ஆனால், ‘சீஃப்’ என்பது அவர் சிறுவயதில் பார்த்த ரயில் இன்ஜினின் பெயர். ‘மஹோனிங்’ என்ற இன்னொரு ஓவியத்துக்கு வைத்தது பென்சில்வேனியா ஊர்ப் பெயர்.

ஓர் ஓவியத்துக்கு 5 டாலர்

பாஸ்டனில் படித்துவிட்டு, 1937-ல் லண்டனுக்குப் போய் ஓவியம் கற்றார். அங்கே ஓவியப் பள்ளிக்கு மாடலாக வந்த எலிசபெத்தைச் சந்தித்தார். எலிசபெத் ஒரு பாலே நடனக் கலைஞர். 1938-ல் இருவரும் நியூயார்க்கில் திருமணம் செய்துகொண்டார்கள்.

அதன்பிறகு வந்தவை கஷ்டமான வருடங்கள். அப்போது க்ளைன் வரைந்தது அரூப ஓவியம் அல்ல. தெருக்கள், மனிதர்கள், ரயில்கள் என எல்லோருக்கும் புரிகிற படங்கள்தான். 1940-ல் நியூயார்க்கில் ஒரு மதுக்கடைச் சுவர்களுக்காக 10 படங்கள் வரைந்து கொடுத்தார். ஒரு படத்துக்குக் கூலி 5 டாலர். பெயின்ட் செலவு தனி. அவற்றில் ஒன்றான ‘ஹாட் ஜாஸ்’ இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பணக்கஷ்டத்தோடு வீட்டில் இன்னொரு துயரமும் சேர்ந்தது. எலிசபெத்தின் மனநலம் பாதிக்கப்பட்டது. 1946-ல் சில மாதங்கள் மருத்துவமனையில் இருந்தார். 1948-ல் மறுபடியும் சேர்க்கப்பட்டவர், பல ஆண்டுகள் அங்கேயே இருக்க நேர்ந்தது.

அந்தக் காலகட்டத்தில் க்ளைன் திரும்பத் திரும்ப வரைந்தது நிஜின்ஸ்கி என்ற ரஷ்ய பாலே கலைஞரை. நிஜின்ஸ்கியும் மனநோயால் மேடையை இழந்தவர். முதலில் முகம் தெரிகிற மாதிரி வரைந்தார். 1950-ல் அதே பெயரில் வரைந்த ஓவியத்தில் முகம் இல்லை. வெள்ளைப் பரப்பில் கறுப்புத் தீற்றல்கள் மட்டுமே. பாலே ஆடிய மனைவியை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்த ஒருவர் வரைந்தது என்று தெரிந்த பிறகு, அந்த ஓவியத்தை ‘வெறும் கிறுக்கல்’ என்று சொல்ல மனம் வராது.

சுவர் முழுக்க ஒரு நாற்காலி

முகம் வரைந்த கை எப்படி அரூபத்துக்கு வந்தது? கலையுலகில் பலரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. க்ளைன் மறைந்தபிறகு, அவருடைய தோழியும் ஓவியருமான எலெய்ன் டி கூனிங் எழுதியது அது.

1940-களின் கடைசி. எலெய்னின் கணவரும் ஓவியருமான வில்லெம் டி கூனிங், ஒரு புரொஜெக்டரை வைத்துத் தன்னுடைய சின்னப் படங்களைச் சுவரில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வந்த க்ளைனின் கையில் சில சிறிய படங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, உள்ளங்கை அளவுத் தாளில் வரைந்த ஆடும் நாற்காலி. அதைப் புரொஜெக்டரில் வைத்ததும் சுவர் முழுக்கக் கறுப்புக் கோடுகள் விரிந்தன. நாற்காலி காணாமல் போய்விட்டது. கோடுகளின் வேகமும் கனமும் மட்டுமே மிஞ்சின. க்ளைனின் பாதை அந்த நொடியில் மாறியது என்பது எலெய்ன் சொன்ன கதை.

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது என்கிறார்கள் கலை வரலாற்றாளர்கள் பலர். எப்படியோ, 1950 அக்டோபரில் நியூயார்க்கின் ஈகன் கேலரியில் க்ளைனின் முதல் தனிக் கண்காட்சி நடந்தபோது, அங்கே இருந்தவை பிரமாண்டமான கறுப்பு வெள்ளை ஓவியங்கள். 40 வயதில்தான் அவருக்கு விடிந்தது.

நோட்டில் போட்டுப் பார்த்த கோலம்

அந்தப் பெரிய ஓவியங்களைப் பார்ப்பவர்கள், ‘ஏதோ வேகத்தில் பிரஷை வீசியிருக்கிறார்’ என்றுதான் நினைப்பார்கள். விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘மஹோனிங்’ ஓவியத்தின் அகலம் எட்டு அடிக்கும் அதிகம். அதன் முன் நின்றால் ஒரே மூச்சில் இழுத்த மாதிரிதான் தோன்றும்.

ஆனால், உண்மையில் பல ஓவியங்களுக்கு முன்னோட்டம் உண்டு. மார்கழி மாதத்துப் பெரிய கோலத்தை வாசலில் போடுவதற்கு முன் நோட்டில் போட்டுப் பார்ப்போமே, அதுபோல க்ளைனும் சின்னத் தாள்களில் வரைந்து பார்த்தார். அதற்கு வாகாகக் கிடைத்தது டெலிபோன் டைரக்டரி. புது டைரக்டரி வந்துவிட்டால் பழையது வேஸ்ட். பக்கங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்று சரியாக வரவில்லை என்றால், கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கம். விலை கொடுத்து வாங்கிய நல்ல தாளில் கை கொஞ்சம் தயங்கும். இதில் அந்தப் பயமே இல்லை.

அப்படி வந்தவற்றில் பிடித்ததை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கேன்வாஸில் பெரிதாக வரைவார். சுவருக்கு அடிக்கும் சாதாரண பெயின்ட்டையும், பெயின்டர்கள் பயன்படுத்தும் பட்டை பிரஷையுமே கேன்வாஸுக்கும் பயன்படுத்தினார். பெரிய ஓவியத்தில் தெரிகிற அந்தத் துணிச்சலுக்குப் பின்னால், பழைய டைரக்டரியில் எடுத்த ஒத்திகை இருக்கிறது.

வெள்ளையும் வரைந்ததுதான்!

1951-ல் ஜப்பானிய எழுத்தோவியக் கலைஞர் மொரிடா ஷிர்யூ, தான் தொடங்கிய ‘போகுபி’ இதழின் முதல் அட்டையில் க்ளைனின் ஓவியத்தை வெளியிட்டார். கறுப்பு மையில் தூரிகையால் எழுதும் கலை ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக இருப்பதால், அவர்களுக்கு இது நெருக்கமாகத் தெரிந்ததில் ஆச்சர்யமில்லை.

ஆனால், தன் ஓவியங்களை எழுத்தோவியம் என்று சொல்வதை க்ளைன் பின்னாளில் ஏற்கவில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதுவதல்ல தன் வேலை என்பது அவர் வாதம். கறுப்பை வரைவது போலவே வெள்ளையையும் வரைவதாகவும், இரண்டும் சமம் என்றும் விளக்கினார். அவருடைய கேன்வாஸ்களில் பல இடங்களில் கறுப்பின் ஓரத்தை வெள்ளை பெயின்ட் வெட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். வெள்ளை கொஞ்சம் நகர்ந்தால் கறுப்பின் வடிவமே மாறிவிடும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மெல்ல மாறும் நிறம்

டைரக்டரி, நாளிதழ் போன்றவற்றை அச்சிடும் மலிவுக் காகிதம், மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்யப்படுவது. அதில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும். காகிதத்தில் அமிலம் கூடக் கூட நார்கள் வலுவிழந்து நொறுங்கும். வீட்டுப் பரணில் இருக்கும் பழைய வார இதழ்களைத் தொட்டால் ஓரம் உதிர்வதற்குக் காரணமும் இதுவே.

இதோடு ஆயில் பெயின்ட்டும் சேர்ந்தால் பிரச்னை இரட்டிப்பு. கேன்வாஸில் வரையும்போது முதலில் ஒரு பூச்சு கொடுப்பார்கள். அது எண்ணெய் துணிக்குள் இறங்காமல் தடுக்கும். பூச்சு இல்லாத காகிதம் எண்ணெயை உறிஞ்சிவிடும். பஜ்ஜி வைத்த பேப்பரைப் போல, தீற்றலைச் சுற்றி எண்ணெய் வட்டம் பரவும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது அந்த இடம் நாளாக நாளாகப் பழுப்பேறி, விறைப்பாகி, உடையத் தயாராகிவிடும்.

சாதாரண ஓவியத்தில் பின்னணி கொஞ்சம் பழுத்தால் ‘பழைமையின் அழகு’ என்று சொல்லிவிடலாம். க்ளைனின் ஓவியத்தில் அப்படிச் சொல்ல முடியாது. கறுப்பும் வெள்ளையும் சமம் என்று நினைத்தவர் அவர். வெளிறிய காகிதம் பழுப்பாக மாறும்போது, அவர் போட்ட கணக்கில் ஒரு பாதி மாறிப்போகிறது. 70 ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட ஓவியமும் இன்று நாம் காண்பதும் ஒன்றல்ல.

இதற்காகப் பழுப்பை ரசாயனத்தால் வெளுக்கவும் முடியாது. அடியில் இருக்கும் அச்சு மையும் மேலே இருக்கும் பெயின்ட்டும் பாதிக்கப்படலாம். எனவே, அருங்காட்சியகங்கள் வேகத்தைக் குறைக்கும் வழியையே நம்புகின்றன. தாள் ஓவியங்களை நிரந்தரமாக மாட்டி வைக்காமல், சில மாதங்கள் காட்டிவிட்டு இருட்டான அறைக்கு எடுத்துப்போய்விடுவார்கள். காட்டும்போதும் வெளிச்சம் பொதுவாக 50 லக்ஸ் அளவுதான். அருங்காட்சியகத்தில் தாள் ஓவியங்கள் இருக்கும் அறை மங்கலாகத் தெரிவதற்கு இதுவே காரணம். கரன்ட் சிக்கனம் அல்ல!

உங்கள் வீட்டில் பழைய தாள் ஓவியம் இருக்கிறதா?

தாத்தா வரைந்த படம், அம்மா கல்லூரியில் வரைந்த ஓவியம் என்று நம் வீடுகளிலும் பழைய தாள்கள் இருக்கும். விலை மதிப்பு இல்லாவிட்டாலும், தொலைந்தால் திரும்பக் கிடைக்காதவை. கவனிக்க வேண்டியவை இவை:

* லேமினேஷன் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

* கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை காகிதத்துக்குள் இறங்கி, பழுப்புக் கறையாகத் தங்கிவிடும்.

* ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். மென்மையான காய்ந்த பிரஷால் லேசாகத் தூசு தட்டினால் போதும். பெயின்ட் உதிர்கிறது என்றால் அதுவும் வேண்டாம்.

* ஃப்ரேம் போடும்போது ‘ஆசிட் ஃப்ரீ’ மவுன்ட் போர்டு கேளுங்கள். கண்ணாடி ஓவியத்தைத் தொடாமல் இடைவெளி இருக்க வேண்டும்.

* வெயில் படும் சுவர், சமையலறை, ஓதம் ஏறும் சுவர் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

* மொபைலில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். பின்பக்கத்தில் இருக்கும் ஒரு தேதியோ கையெழுத்தோ நாளை பெரிய தகவலாக இருக்கலாம்.

40 மில்லியன் டாலர்... பார்க்க அவர் இல்லை

புகழ் வந்தபிறகு க்ளைனுக்கு அதிக காலம் கிடைக்கவில்லை. இதய நோயால் 1962 மே 13 அன்று நியூயார்க்கில் காலமானார். 52-வது பிறந்தநாளுக்கு இன்னும் 10 நாள்கள் இருந்தன. முதல் தனிக் கண்காட்சியிலிருந்து கணக்கிட்டால் 12 ஆண்டுகள்கூட ஆகவில்லை.

1957-ல் அவர் வரைந்த தலைப்பில்லாத கேன்வாஸ் ஓவியம் ஒன்று, 2012 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 40.4 மில்லியன் டாலருக்கு விலைபோனது. மதுக்கடைச் சுவருக்கு 5 டாலர் கூலியில் வரைந்த அதே கைதான்.

கேன்வாஸ்களுக்கு இத்தனை விலை கிடைத்தாலும், அவற்றுக்கு ஒத்திகையாக இருந்தவை டைரக்டரி தாள்கள். நாளைக்கு நூறு வயதாக வேண்டும் என்று நினைத்து க்ளைன் அவற்றை வரையவில்லை. பக்கத்திலிருந்த காகிதம், கையிலிருந்த பெயின்ட், மனதிலிருந்த ஒரு வடிவம், அவ்வளவுதான். இன்று மங்கலான அறையில் ஒருவர் அந்தத் தாளின் முன் குனிந்து பார்க்கிறார் என்றால், கறுப்புத் தீற்றலோடு சேர்த்து, நியூயார்க்கில் அன்று போன் வைத்திருந்த யாரோ சிலரின் பெயர்களையும் படித்துவிட்டுத்தான் நகர்கிறார்.