மரத்துண்டும் மின்கம்பியும்: ஓர் ஆயரின் சிலுவை



போதித்தல், புனிதப்படுத்துதல், ஆளுதல் ஆகிய மூன்றும் ஆயரின் பணிகள் என்று திருச்சங்கம் கற்பிக்கிறது. மறைமாவட்டமே பறிக்கப்பட்டுவிட்டால் இவற்றில் எது மிஞ்சும்? வியட்நாமின் கர்தினால் பிரான்சிஸ் சேவியர் வான் துவான் இக்கேள்விக்குச் சிறையில் விடை தேட வேண்டியிருந்தது.

1967 முதல் நியா திராங் ஆயராக இருந்த அவரைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1975 ஏப்ரல் 24 அன்று சைகோனின் இணைப் பேராயராக நியமித்தார். ஆறே நாளில் சைகோன் வீழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, அவர் கைது செய்யப்பட்டார். விசாரணையோ தீர்ப்போ இன்றி 13 ஆண்டுகள் சிறை. அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. தொடங்கிய பணிகளெல்லாம் பாதியில் நிற்கின்றனவே என்று முதலில் அவர் மனம் வெதும்பினார். கடவுள் வேறு, கடவுளுக்காகச் செய்யும் பணிகள் வேறு என்ற தெளிவு ஓர் இரவில் பிறந்ததாகப் பின்னர் சொன்னார். கட்டடம், கணக்கு, கூட்டம் என்று ஓடும் பங்குப் பணியாளர்களாகிய நமக்கு இது சற்று உறைக்கவே செய்கிறது.

போதிக்கும் பணியைப் பழைய நாள்காட்டித் தாள்களில் தொடர்ந்தார். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தாள்களைக் கொண்டுவந்தான். இரவில் எழுதியவற்றை அவனுடைய உடன்பிறப்புகள் படியெடுத்துப் பரப்பினர். அதுவே 'எதிர்நோக்கின் பாதை' என்ற நூல்.

வயிற்றுக்கு மருந்து வேண்டும் என்று கடிதம் எழுதினார். விசுவாசிகள் புரிந்துகொண்டு திராட்சை இரசத்தை மருந்துக் குப்பியில் அனுப்பினர். அப்பத்தை டார்ச் விளக்குக்குள் மறைத்தனர். மூன்று துளி இரசம், ஒரு துளி தண்ணீர், உள்ளங்கையே பலிபீடம். முகாமில் விளக்கணைந்தபின், சிகரெட் பெட்டித் தாளில் மடித்த நற்கருணை கைமாறியது.

ஆளும் அதிகாரம் மட்டும் எஞ்சவில்லை. ஆனால் காவலர்கள் அவரிடம் நட்பானார்கள். அவருடைய செல்வாக்குக்கு அஞ்சி அவர்களை அடிக்கடி மாற்றினார்கள். எல்லாரையும் அவர் மாற்றிவிடுவார் என்று பயந்து, பிறகு அதையும் நிறுத்தினார்கள். ஒரு காவலர் மரத்துண்டில் சிலுவை செய்ய அனுமதித்தார். அது சோப்புக் கட்டிக்குள் ஒளிந்திருந்தது. வேறொரு சிறையில் சங்கிலிக்கு மின்கம்பியும் காவலரிடமிருந்தே கிடைத்தது.

1988 நவம்பரில் விடுதலையானார். உரோமையில் பணியாற்றி, 2001இல் கர்தினாலாகி, 2002 செப்டம்பர் 16 அன்று இறைவனில் இளைப்பாறினார். 2017இல் வணக்கத்திற்குரியவராக அறிவிக்கப்பட்டார். சைகோன் பேராயரின் இருக்கையில் அவர் ஒருநாளும் அமரவில்லை. மார்பில் அணிந்தது கடைசிவரை அந்த மரச்சிலுவையைத்தான்.