பழைய ஷீட்டில் கை வைக்கும் முன்

சித்திரை பிறந்தால் போதும், போடியில் கூரை மாற்றும் வேலை சூடுபிடித்துவிடும். ஆனிச் சாரல் இறங்குவதற்குள் பழைய ஆஸ்பெஸ்டாஸைக் கழற்றிவிட்டு கலர் ஷீட் போட வேண்டும், வசதி இருந்தால் இடித்துவிட்டு கான்கிரீட் போட வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே அவசரம். மலைமேல் போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கமும் இதே கதைதான். பழைய லயத்து வீடுகளும் ஏலக்காய் ஸ்டோர்களும் சுற்றுலா விடுதிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. இறக்கிய ஷீட்டில் முழுசாக இருப்பது ஆட்டுக்கொட்டகைக்குப் போகிறது. உடைந்தது ஓடைக்கரைக்குப் போகிறது.

இந்த மாதங்களில் வறட்டு இருமலோடும் கண் எரிச்சலோடும் வருகிறவர்களிடம் "வீட்டுல கூரை வேலை நடக்குதா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அவர்கள் இருமல் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். எனக்குக் கவலை இன்னொரு கூட்டத்தாரைப் பற்றி. இருபது, முப்பது வருடம் கூரை வேலையும் இடிப்பு வேலையும் பார்த்துவிட்டு, படியேறினால் மூச்சு முட்டுகிறது என்று வருகிறவர்கள் அவர்கள். அதற்குள் நுரையீரலின் அடிப்பகுதி தடித்து விறைத்துப் போயிருக்கும். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால் காய்ந்த சருகை மிதித்த மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை இல்லாமல் ஆக்கும் மருந்து என்னிடம் இல்லை. யாரிடமும் இல்லை.

அவர்களுக்கு நேர்ந்தது இன்று கூரை பிரிக்கும் வீடுகளில் மறுபடி விதைக்கப்படுகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

"குளிச்சா போயிரும் சார்"

போன கோடையில் ஒரு தெருவில் நின்று பார்த்தேன். ஓட்டையும் வெடிப்புமாக இருந்த ஷீட்டைக் கழற்ற, துருப்பிடித்த ஜே போல்ட் சுழலவில்லை. உடனே கொத்தனார் கட்டிங் மெஷினை எடுத்து, போல்ட்டைச் சுற்றி ஷீட்டையே அறுத்தார். வெள்ளைப் புகை மாதிரி எழும்பி எதிர்வீட்டு வாசல்வரை போனது. கீழே சித்தாளாக வந்த அம்மா காய்ந்த விளக்குமாற்றால் அதைக் கூட்டிக் குவித்தார். வீட்டுப் பிள்ளை திண்ணையில் படிந்த தூசியில் விரலால் வண்டி வரைந்துகொண்டிருந்தான். அடுக்கி வைத்த ஷீட்டின் மேலேயே டீ டம்ளர்கள் இருந்தன.

"தண்ணி தெளிச்சிட்டுக் கழட்டக் கூடாதாப்பா?" என்றேன்.

"தண்ணி ஊத்துனா வழுக்கும் சார். இது வெறும் சிமெண்ட் தூசிதான், குளிச்சா போயிரும்" என்றார்.

வழுக்கும் என்று அவர் சொன்னது நியாயம்தான். அதற்கு வழியைப் பிறகு சொல்கிறேன். குளித்தால் போய்விடும் என்பதுதான் ஆபத்தான நம்பிக்கை.

"சிமெண்ட் ஷீட்தானே"

அந்த ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட்தான். ஆனால் எடையில் சுமார் 8 முதல் 10 சதவீதம் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சேர்த்திருப்பார்கள். ஷீட்டுக்கு வலுக் கொடுப்பதே அந்த நார்தான். அறுத்தாலோ உடைத்தாலோ அது நீளவாக்கில் பிரிந்துகொண்டே போகும். முடியைவிடப் பல மடங்கு மெலிந்து, கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். சிமெண்ட் தூசி கண்ணை உறுத்துகிறது, தொண்டையை அறுக்கிறது. அதனால் நாம் விலகுகிறோம். கல்நார் எதையும் உறுத்தாது. நுரையீரலின் ஆழத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் கரையாமல் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும்.

வெள்ளைக் கல்நார் பரவாயில்லை, நீலமும் பழுப்பும்தான் கெட்டது என்று சிலர் வாதாடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. நம் கூரைகளில் இருப்பது அந்த வெள்ளைதான்.

"தாத்தா காலத்துலேருந்து இதுக்குக் கீழேதான் படுத்திருக்கோம்"

இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வெடிக்காமல், பொரியாமல், யாரும் கை வைக்காமல் இருக்கும் ஷீட்டிலிருந்து நார் அதிகம் வெளியேறாது. அதற்குக் கீழே படுத்துத் தூங்கியதற்காக யாரும் பயந்து சாக வேண்டாம். இந்தக் கட்டுரையைப் படித்த கையோடு ஏணி போட்டுக் கூரையைப் பிரிக்கக் கிளம்பவும் வேண்டாம். அப்படிக் கிளம்புவதுதான் கெடுதல். உடைக்கிறோம், துளைக்கிறோம், அறுக்கிறோம், சுரண்டுகிறோம். அப்போதுதான் நார் பறக்கிறது.

சுரண்டுவது என்றதும் மலை வீடுகள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஈரத்தில் ஷீட்டின் மேல் கறுப்பாகப் பாசி பிடிக்கும். விடுதிக்கு வருகிறவர்கள் படம் எடுக்க வேண்டுமே என்று கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வேகத் தண்ணீர் அடித்துக் கழுவி, பெயிண்ட் பூசுகிறார்கள். வருடக்கணக்கில் மழையில் அரித்துப் போன மேல்பரப்பில் நார் ஏற்கெனவே தலைநீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கம்பி பிரஷ் அதை அப்படியே உரித்து எடுத்துவிடும்.

"தடை இல்லையே, கடையிலே விக்கிறாங்களே"

விற்கிறார்கள், உண்மை. இந்தியாவில் கல்நார் வெட்டும் சுரங்கங்களுக்கு 1986க்குப் பிறகு புதிய உரிமம் கொடுக்கவில்லை. ஆனால் இறக்குமதி நிற்கவில்லை. 60க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. பிரிட்டன் 1999இலும் ஆஸ்திரேலியா 2003 கடைசியிலும் நிறுத்தின. நமக்குக் கப்பல் கப்பலாக அனுப்பிக்கொண்டிருந்த கனடாவும் தன் சுரங்கங்களை மூடி, 2018இல் தடை விதித்தது. கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலம் அவர்களின் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றமே 1995 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லி, மருத்துவப் பதிவேடுகளை 40 ஆண்டுகள் பாதுகாக்க உத்தரவிட்டது. நாற்பது ஆண்டுகள் எதற்கு? நோய் வெளியே வர அவ்வளவு காலம் ஆகும் என்பதால்தான்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரள மனித உரிமை ஆணையம் 2009இலேயே அரசுப் பள்ளிகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றி ஓடு போடச் சொன்னது. இந்தப் பக்கம் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு, பள்ளிகளில் கீற்றுக் கொட்டகையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தது சரிதான். ஆனால் பல இடங்களில் அதற்குப் பதிலாக ஏறியது இந்த ஷீட். அவையெல்லாம் இப்போது இருபது வயதுக் கூரைகள். மாற்றும் காலம் வந்துவிட்டது. பள்ளி நடக்கும் நாளில், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது அவற்றில் கை வைத்துவிடாதீர்கள்.

வெல்லம், வாழைப்பழம், முகத்தில் துண்டு

தூசி வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம் சாப்பிட்டால் எல்லாம் இறங்கிவிடும் என்று மேஸ்திரிகள் கூலியோடு வெல்லம் கொடுப்பது உண்டு. சிலர் வாழைப்பழம், சிலர் சாராயம். எத்தனை முறை சொல்வது? வெல்லம் இறங்குவது இரைப்பைக்கு. நார் இறங்குவது நுரையீரலுக்கு. இரண்டும் எந்த இடத்திலும் சந்திப்பதில்லை. ஆடாதொடைக் கஷாயம் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கலாம், ஆனால் உள்ளே தைத்த நாரை அது பிடுங்காது.

துண்டைக் கட்டிக்கொள்வதும் அப்படித்தான். துண்டின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இந்த நாருக்குத் திறந்து வைத்த வாசல். கொரோனா காலத்து நீல மாஸ்க்கும் பயன்படாது. இந்த வேலைக்கு என்95கூடப் போதாது என்றுதான் தொழில் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. முகத்தோடு ஒட்டி உட்காரும் எஃப்எஃப்பி3 அல்லது பி100 வகைதான் வேண்டும்.

பீடி குடிக்கிற கூரை வேலைக்காரத் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. கல்நார் தனியாக நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது. புகை தனியாகக் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகப் பெருகுகிறது. வேலையை இன்றைக்கே விட முடியாமல் போகலாம், பீடியை விடலாம்.

ஜீப் ஒர்க்‌ஷாப்பில் இருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பிரேக் லைனர்களில் கல்நார் உண்டு. டிரம்மைத் திறந்து ஏர் அடித்து ஊதிச் சுத்தம் செய்கிறீர்களே, அதை நிறுத்திவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

"அன்னிக்கு ஒண்ணும் ஆகலையே"

ஆகாது. 20 முதல் 40 ஆண்டு கழித்துத்தான் ஆகும். நுரையீரல் தடித்துச் சுருங்கும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் ஆகியவை முக்கியமானவை. கடைசியாகச் சொன்னதற்குக் கல்நாரைத் தவிர வேறு காரணம் அபூர்வம். கணவனின் வேலை உடுப்பை உதறித் துவைத்த மனைவிகளுக்கும் அது வந்திருக்கிறது என்பது பல நாடுகளில் பதிவான உண்மை. ஒரு நாள் தூசி பட்டவருக்கு ஆபத்து மிகக் குறைவு. தினமும் படுகிறவருக்கு அது வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும். இந்த அளவு வரை பயமில்லை என்று கோடு போட யாராலும் முடியவில்லை. வேலையிடத்துக் கல்நாரால் மட்டும் உலகில் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

தாமதத்துக்கு நாமே போடும் வழிகள்

மூச்சு வாங்குகிறது என்றதும் மருந்துக் கடையில் இருமல் டானிக். அது முடிந்ததும் "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை குடுங்க" என்று ஸ்டீராய்டு. பசி எடுக்கிறது, உடம்பு தெம்பாக இருக்கிற மாதிரி இருக்கிறது, அதனால் மாதக்கணக்கில் தொடர்கிறார்கள். முகம் ஊதி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்த பிறகு என்னிடம் வருகிறார்கள். நுரையீரல் மட்டும் முன்பு இருந்ததைவிட மோசமாக இருக்கிறது. தயவுசெய்து கடைக்காரரிடம் வைத்தியம் பார்க்காதீர்கள்.

நெஞ்சில் நீர் கோர்த்தால் நம் ஊரில் காசநோயாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதற்குத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் சளியில் கிருமி இல்லாமலே ஆறு மாத மருந்து முடித்தும் மூச்சு சரியாகவில்லை என்றால், "நான் இத்தனை வருடம் கூரை வேலை பார்த்தேன்" என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். ஆஸ்பெஸ்டோசிஸ் சட்டப்படி தொழில்வழி நோய். இழப்பீடு கேட்க உரிமை உண்டு, ஆனால் வேலை விவரம் சீட்டில் ஏறாவிட்டால் அந்த உரிமையும் கையை விட்டுப் போகும்.

பரிசோதனைகள்: மார்பு எக்ஸ்ரே, மூச்சுத்திறன் அளவு, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம்.

இடிப்பதற்கு முன் ஒரு சுற்று

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே 1991க்கு முன் கட்டிய கட்டடத்தை இடிக்கவோ புதுப்பிக்கவோ வேண்டுமானால், தகுதி பெற்றவர் முதலில் வந்து கல்நார் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். 2014 முதல் அது சட்டம். பிரிட்டனிலும் இடிப்பு வேலைக்கு முன் இப்படி ஒரு ஆய்வு கட்டாயம். நம் வீடுகளுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. அதுமட்டுமல்ல, அவர்களுக்கு ஒரு வருடக் கணக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு கட்டியதென்றால் நிம்மதி. நமக்கோ போன மாதம் வாங்கிய ஷீட்டிலும் கல்நார் இருக்கலாம். கல்நார் இல்லாதது என்று தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய, இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கூரையை மட்டும் பார்த்தால் போதாது. மழைத்தண்ணீர் இறங்கும் சாம்பல் நிறக் குழாய், கழிவறைக்கு மேலே நிற்கும் காற்றுக் குழாய், பழைய அலுவலகங்களிலும் தியேட்டர்களிலும் மேலே அடித்திருக்கும் தட்டை பலகை, குளியலறைத் தடுப்பு, ஸ்டோர் அடுப்புக் கதவைச் சுற்றி அடைத்திருக்கும் வெள்ளைக் கயிறு, எல்லாவற்றையும் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். எது முழுசு, எது வெடிப்பு, இந்த வேலையில் எதைத் தொடப் போகிறோம் என்று பிரியுங்கள். தொட வேண்டாததைத் தொடாதீர்கள். பள்ளி, மண்டபம், விடுதி போன்ற பெரிய கட்டடங்களுக்குச் சிறு துண்டை ஈரமாக்கி எடுத்து, இரட்டை உறையில் போட்டு, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்ய முடியும். வீட்டுக்கு அந்தச் செலவு முடியாவிட்டால் கல்நார் என்றே நினைத்து வேலை பார்ப்பது நட்டமில்லை.

கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால்

வழுக்கும் என்றாரே கொத்தனார், ஷீட்டின் மேல் ஏறாதீர்கள். பழைய ஷீட் காய்ந்திருந்தாலும் ஆளைத் தாங்காது. உடைந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் ஏராளம். சாரம் கட்டி அதில் நின்று, கைத்தெளிப்பானில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்து பனி மாதிரி நனையுங்கள். அறுத்தே ஆக வேண்டுமென்றால் போல்ட்டை மட்டும் அறுங்கள், ஷீட்டை அறுக்காதீர்கள். முழுசாக, இரண்டு பேர் பிடித்து இறக்குங்கள். மேலிருந்து வீசாதீர்கள். தூளை நனைத்து அள்ளுங்கள், விளக்குமாறு வேண்டாம். தடித்த பாலிதீனில் சுற்றிக் கட்டி, என்ன இருக்கிறது என்று மேலே எழுதுங்கள். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள். அன்றைக்குப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

சுற்றிக் கட்டியதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற கேள்விக்கு ஒரு வீட்டுக்காரர் தனியாகப் பதில் கண்டுபிடிக்க முடியாது. நகராட்சியும் ஊராட்சிகளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து இதற்கென்று ஒரு இடமும் ஒரு வண்டியும் ஒதுக்க வேண்டும். கூரை மாற்றுகிறவர்கள் எல்லோரும் எழுத்தில் மனுக் கொடுங்கள். கேட்காமல் எதுவும் கிடைக்காது. கிடைக்கும்வரை ஓடையிலும் ரோட்டுப் பள்ளத்திலும் கொட்டாதீர்கள், ஆட்டுக்கொட்டகைக்காக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

விடுதி கட்டும் முதலாளிகளே, தோட்ட உரிமையாளர்களே, வேலைக்கு வருகிறவர் உங்களிடம் சரியான மாஸ்க் கேட்க மாட்டார். கேட்டால் நாளைக்கு வேலை கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். நீங்களாக வாங்கிக் கொடுங்கள். மேஸ்திரி ஏணியைச் சாத்துவதற்கு முன்னால் தெளிப்பானையும் பாலிதீனையும் எடுத்து வையுங்கள். அவை வரும்வரை வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள்.