நொய்யல் வடிநிலத்தில் சாயக்கழிவுக் கட்டுப்பாடும் நில மீட்பும்: திருப்பூரை முன்வைத்து அரசு நடவடிக்கைகள் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பின்னலாடைத் தொழிலால் வளர்ந்த திருப்பூரின் சாயக்கழிவு, நொய்யல் ஆற்றையும் அதன் கீழ்நிலைப் பாசனப் பரப்பையும் பாதித்தது. 1989 முதல் அரசும் நீதிமன்றங்களும் மேற்கொண்ட நடவடிக்கைகளை இக்கட்டுரை நான்கு கட்டங்களாகப் பகுத்து விளக்குகிறது. கழிவு வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்துதல் வேறு. கெட்டுப்போன நிலத்தையும் நிலத்தடி நீரையும் மீட்டல் வேறு. முதற்பணியில் அரசு குறிப்பிடத்தக்க தொலைவு வந்துள்ளது. இரண்டாம் பணி எந்தத் துறையின் முழுப்பொறுப்பிலும் வராமல் நிற்கிறது. மாசினை எங்கே அளவிடுகிறோம் என்பதே இவ்விடைவெளிக்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நொய்யல், திருப்பூர், சாயப்பட்டறை, ஒரத்துப்பாளையம் அணை, பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்றம், களர் நிலம், நில மீட்பு.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கிறது. காஞ்சிமாநதி என்ற பெயரும் இதற்கு உண்டு. அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் குளங்களும் ஒன்றோடொன்று தொடர்ந்த பழைய நீர்ப்பாசன அமைப்பு இவ்வாற்றின் சிறப்பாகும்.

நொய்யற்கரைக்குத் தொழில் புதிதன்று. வடகரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், அங்கே இரும்பு உருக்கும் தொழிலும் மணிகள் செய்யும் தொழிலும் சிறந்திருந்தமையை வெளிப்படுத்தியுள்ளன. பதிற்றுப்பத்து சுட்டும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. எனவே, ஆற்றங்கரையில் தொழில் நிகழ்ந்தது என்பதைவிட, அத்தொழில் ஆற்றுக்குள் எதனை, எவ்வளவு செலுத்தியது என்பதே ஆராயத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கேள்விக்கான விடை உப்பு என்பதாகும்.

சாயத்தொழிலும் உப்பும்

பருத்திப் பின்னல் துணிக்கு நிறமேற்றப் பெரிதும் பயன்படுபவை ‘ரியாக்டிவ்’ வகைச் சாயங்கள். நீரில் நனைந்த பருத்தி இழையும் கரைந்த சாயமும் ஒரே வகை மின்னேற்றம் உடையவை; ஆதலால் ஒன்றையொன்று விலக்கும். இவ்விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை இழையோடு சேர்க்கவே சாயத்தொட்டியில் சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ பெருமளவில் சேர்க்கப்படுகிறது. சாயம் இழையில் தங்கிவிடும், உப்பு தங்குவதில்லை. இட்ட உப்பு அனைத்தும் அடுத்தடுத்த அலசல்களில் நீரோடு வெளியேறுகிறது.

இங்கே கண்ணுக்குத் தெரியும் மாசு நிறம். தெரியாத மாசு உப்பு. சுண்ணாம்பு, பெர்ரஸ் சல்பேட் போன்றவற்றைச் சேர்த்து நிறத்தைப் படியவைக்கலாம். கரிமப் பொருள்களை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கலாம். கரைந்த உப்பை இவ்விரு முறைகளும் நீக்குவதில்லை. நொய்யலின் அண்மைக்கால வரலாற்றை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடு இன்றியமையாதது.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். ஒரு கோடி லிட்டர் கழிவுநீரில் லிட்டருக்கு 6 கிராம் உப்பு இருப்பதாகக் கொண்டால், அதனோடு 60 டன் உப்பு ஆற்றில் சேரும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கு, மொத்தக் கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அவ்விதியைச் சரியாகக் கடைப்பிடித்தாலும் அதே ஒரு கோடி லிட்டரில் 21 டன் உப்பு சென்றுவிடும். ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் குறைந்து கிடக்கும் ஓர் ஆற்றில் அதனைக் கரைத்து நீர்க்கச் செய்யப் போதிய நன்னீர் இல்லை. செறிவுக்கு வரம்பு கட்டும் விதி, மொத்தச் சுமைக்கு வரம்பு கட்டுவதில்லை.

ஒரத்துப்பாளையம்: தேக்கியதும் தேங்கியதும்

திருப்பூருக்குக் கீழே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992 இல் கட்டி முடிக்கப்பட்டது. கீழ்ப்பகுதி நிலங்களுக்குப் பாசன நீர் தருவதே அதன் நோக்கம். அதே காலத்தில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது; சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. பாசனத்துக்குக் கட்டிய அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவைத் தேக்கும் குளமாயிற்று. அணையைத் திறக்க வேண்டும் என்று கேட்க வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகள், திறக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை உருவானது. அணைநீர் வெளியேறினால் வயல் கெடும். தேங்கினால் சுற்றியுள்ள கிணறுகள் கெடும். இவ்விரண்டும் நிகழ்ந்தன.

அரசு நடவடிக்கைகளின் நான்கு கட்டங்கள்

முதற்கட்டம் இடக்கட்டுப்பாடு. நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974 இல் இயற்றப்பட்டது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982 இல் அமைந்தது. மாசு விளைக்கும் தொழில்கள் ஆறு முதலிய நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அமைவதைத் தடுக்கும் அரசாணை எண் 213, 1989 இல் வெளியானது. காவிரி முதலிய ஆறுகளையும் துணையாறுகளையும் கருதி இத்தொலைவை 5 கிலோமீட்டராக விரித்த அரசாணை எண் 127, 1998 இல் வந்தது. ஆயினும் திருப்பூரின் பட்டறைகள் நொய்யலையும் அதில் சேரும் ஓடைகளையும் ஒட்டியே பெருகியிருந்தன. நிலைபெற்றுவிட்ட ஒரு தொழில்நகருக்கு இடக்கட்டுப்பாடு மட்டும் தீர்வாகவில்லை.

இரண்டாங்கட்டம் பொதுச் சுத்திகரிப்பு. கரூர்ப் பகுதிப் பாசன விவசாயிகள் 1990களின் நடுவில் உயர் நீதிமன்றத்தை அணுகினர். அதன் தொடர்ச்சியாகச் சிறு பட்டறைகள் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. பெரிய பட்டறைகள் தனி நிலையங்களை நிறுவின. இவை நிறத்தையும் கரிமச் சுமையையும் குறைத்தன, உப்பைத் தொடவில்லை. ஆற்றில் நிறம் வெளிறியது. கிணற்றில் உவர்ப்பு குறையவில்லை.

மூன்றாங்கட்டம் இழப்பீடும் தண்டமும். வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு, ‘மாசு விளைத்தவரே ஈடு செய்ய வேண்டும்’ என்னும் நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அதன்படி அமைந்த சூழலியல் இழப்பீட்டு ஆணையம், நொய்யல் பகுதியில் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு என 2004 இல் மதிப்பிட்டது. சராசரியாக நோக்கின் இது ஒருவருக்கு 9,000 ரூபாய்க்கும் குறைவு. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பட்டறைகள் வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 காசில் தொடங்கி 10 காசு வரை உயரும் தண்டத்தை விதித்தது. 10 காசு வீதம் ஒரு கோடி லிட்டருக்குத் தண்டம் 10 லட்சம் ரூபாய். தண்டத்தைச் செலுத்திக்கொண்டே கழிவைத் தொடர்ந்து வெளியேற்றவும் இம்முறை இடமளித்தது என்பதை இங்குக் கருத வேண்டும்.

நான்காங்கட்டம் பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்றம். தொழில்துறையினர் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என வழங்கும் இம்முறையை மூன்று மாதங்களுக்குள் அடைய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் ஆணையிட்டது. அது நிறைவேறாத நிலையில், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அவற்றை நம்பிய தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். துணி வெளியூர்களுக்குச் சென்று சாயமேறி வந்தது. மூடல் ஓரிடத்தின் மாசினை நிறுத்திற்று. சாயமிடும் தேவையை நிறுத்தவில்லை. பின்னர்த் தமிழ்நாடு அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் சுமார் 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக அளித்தது. அருள்புரத்தில் உவர்நீரைச் சுத்திகரித்து மீண்டும் சாயமிடப் பயன்படுத்தும் முறை செய்துகாட்டப்பட்டது. அதனைத் தொடர்ந்து பிற நிலையங்களும் படிப்படியாக இயங்கத் தொடங்கின.

பூஜ்ஜிய வெளியேற்றம் செயற்படும் முறை

கழிவுநீர் முதலில் சேகரிப்புத் தொட்டியில் சமனாக்கப்படுகிறது. பின்னர் நுண்ணுயிர்ச் சுத்திகரிப்புக்கும் வடிகட்டலுக்கும் உள்ளாகிறது. அடுத்து மிகு அழுத்தத்தில் எதிர்ச்சவ்வூடு பரவல் சவ்வுகளின் வழியே செலுத்தப்படுகிறது. சவ்வைக் கடந்து வருவது பட்டறைக்கு மீளும் நன்னீர். எஞ்சுவது செறிந்த உவர்நீர். இவ்வுவர்நீரை ஆவியாக்கிகளில் மேலும் செறிவாக்கிப் படிகமாக்கியில் உப்பைப் பிரித்தெடுக்கின்றனர். அல்லது நிறமும் கடினத்தன்மையும் நீக்கி, உப்புக் கரைசலாகவே மறுபடியும் சாயத்தொட்டிக்கு அனுப்புகின்றனர். சோடியம் குளோரைடுக்கு மாற்றாகச் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தியதும், மீட்ட உப்பின் மறுபயன்பாட்டை எளிதாக்கிற்று.

இம்முறையால் நன்மை இருவகை. ஆற்றுக்குச் செல்லும் உப்பு தடுக்கப்படுகிறது. நன்னீர்த் தேவையும் குறைகிறது. திருப்பூர்த் தொழிலுக்கும் ஊர்களுக்கும் காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் அரசு, தனியார் கூட்டு முயற்சியாக 2005 முதல் இயங்கிவருகிறது. காவிரியில் எடுத்த நீர் கழிவாகி, நொய்யல் வழியே காவிரிக்கே திரும்பிய சுழற்சியை நீர் மறுபயன்பாடு அறுக்கிறது.

இதற்கு விலையும் உண்டு. ஆவியாக்கிகளை இயக்கப் பெருமளவு மின்சாரமும் நீராவியும் வேண்டும். நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். பிரித்தெடுக்க இயலாத கலப்பு உப்பு நிலைய வளாகங்களில் மூட்டைகளாகத் தேங்குகிறது. நீரிலிருந்து நீங்கிய மாசு, திண்ம வடிவில் காவலுக்குரிய பொருளாகிறது. மேலும், செலவு மிகுந்த இம்முறையில், இரவில் கழிவை ஓடையில் திறந்துவிடுபவர் விதியைக் காக்கும் பட்டறையாளரைவிட மலிவாகச் சாயமிட முடியும். ஆகவே கண்காணிப்பு என்பது சூழலைக் காப்பது மட்டுமன்று. விதிக்கு உட்பட்டு நடப்பவரின் பிழைப்பைக் காப்பதும் ஆகும்.

நில மீட்பு: எஞ்சிய பணி

புதிய உப்பு வருவது நின்றவுடன் பழைய உப்பு தானே நீங்கிவிடுமா? மண்ணியல் கூறும் விடை வேறு. நிலக்கேடு இருவகைப்படும். கரையும் உப்பு மிகுந்தது உவர்நிலம். சோடியம் களிமண் துகளோடு பிணைந்தது களர்நிலம். உவர்நிலத்தில் பயிரின் வேர் நீரை உறிஞ்ச இயலாமல் வாடுகிறது. களர்நிலத்திலோ களித்துகள்கள் சிதறி மண்ணின் நுண்துளைகளை அடைக்கின்றன. நீர் மேலே தேங்கும், உள்ளே இறங்காது. மழை பெய்தும் மண் நனையாது.

உவரை நல்ல நீரால் கழுவி வடிக்கலாம். களரைத் திருத்த ஜிப்சம் இட வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். இடம்பெயர்ந்த சோடியத்தைக் கழுவி அகற்ற நன்னீரும் வடிகாலும் தேவை. இவ்விரு முறைகளுக்கும் நன்னீரே அடிப்படை. கிணற்றுநீரே உவர்ந்துபோன விவசாயி எந்த நீரைக் கொண்டு தன் நிலத்தைக் கழுவுவார்? ஜிப்சத்தை மானியமாக வழங்குவதால் மட்டும் இப்பணி நிறைவுறாமைக்குக் காரணம் இதுவே. நல்ல மழையாண்டுகளில் ஆற்றுவெள்ளத்தைக் குளங்களிலும் வாய்க்கால்களிலும் நிறுத்தி நிலத்தடி நீரை நீர்க்கச் செய்வதும், அதே வேளையில் ஜிப்சம் இட்டு வடிகால் அமைப்பதும் ஒருங்கே நிகழ வேண்டும். அவ்வெள்ளமோ கோயம்புத்தூர், திருப்பூர் ஆகிய நகரங்களின் வீட்டுக் கழிவுநீரையும் சுமந்து வருகிறது. ஆதலால் நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் நில மீட்பின் ஒரு கூறாகிவிடுகிறது.

அளவிடும் இடம்

மேற்கண்ட நான்கு கட்டங்களையும் ஒப்புநோக்கின் ஒரு பொதுமை புலப்படும். முதற்கட்டம் ஆற்றுக்கும் பட்டறைக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்தது. இரண்டாம் கட்டம் நிலையத்தின் வெளிவாயில் நீரை அளந்தது. மூன்றாம் கட்டம் வெளியேறிய லிட்டர்களை எண்ணிற்று. நான்காம் கட்டம் வெளியேற்றம் இன்மையை உறுதிப்படுத்துகிறது. இழப்பீட்டு மதிப்பீடு ஒன்றே விவசாயியின் நிலத்துக்கு வந்தது. அதுவும் இழந்த விளைச்சலைக் கணக்கிட்டதேயன்றி, மண் மீள்வதற்கான செலவையும் காலத்தையும் வரையறுக்கவில்லை.

நிர்வாகப் பகுப்பும் இதற்கு ஏற்பவே அமைந்துள்ளது. வெளியேற்றம் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தைச் சார்ந்தது. அணையும் வாய்க்காலும் நீர்வளத் துறையைச் சார்ந்தவை. மண் வேளாண்மைத் துறையைச் சார்ந்தது. வீட்டுக் கழிவுநீர் உள்ளாட்சியைச் சார்ந்தது. கடைமடைக் கிணற்றின் உவர்ப்பு எத்துறையின் வெற்றி தோல்விக்கும் அளவுகோலாக அமையவில்லை. ஒவ்வொரு துறையும் தன் பணியைச் செவ்வனே முடித்ததாக அறிக்கை தரலாம். அக்கிணறு அப்படியே உவர்ந்திருக்கலாம்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தின்வழிப் பின்வரும் கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம்.

1. நொய்யற்கேட்டின் மையம் நிறத்தில் இல்லை. கரைந்த உப்பில் உள்ளது. இதனை நடவடிக்கைகள் உணர்ந்து செயற்பட இரு பத்தாண்டுகள் கழிந்தன.

2. பூஜ்ஜிய வெளியேற்றம், நீதிமன்ற ஆணை, தொழில்துறை முதலீடு, அரசின் கடனுதவி ஆகிய மூன்றும் இணைந்தபோதே நடைமுறைக்கு வந்தது. இவற்றுள் ஒன்று மட்டும் இருந்த காலங்களில் பயன் விளையவில்லை.

3. கலப்பு உப்பை அகற்றுதலும் இடைவிடாத கண்காணிப்பும் இன்றி இச்சாதனை நிலைக்காது.

4. வெளியேற்றத் தடுப்பையும் நில மீட்பையும் தனித்தனிப் பணிகளாகக் கொண்டு, பின்னதற்கு நன்னீர், ஜிப்சம், வடிகால், காலவரையறை ஆகியவற்றை உள்ளடக்கிய ஒருங்கிணைந்த திட்டம் வகுத்தல் வேண்டும்.

5. ஒரத்துப்பாளையத்துக்குக் கீழுள்ள ஆயக்கட்டுக் கிணறுகளின் உப்பளவையும் மண்ணின் சோடிய அளவையும் ஆண்டுதோறும் அளந்து வெளியிடுவதே மீட்பின் உரைகல்லாகும்.

ஆலையின் குழாய்வாயில் வறண்டிருப்பது பாதி வெற்றி. கடைமடையிலுள்ள ஒரு விவசாயி தன் கிணற்றுநீரை அச்சமின்றி வயலுக்குப் பாய்ச்சும் நாளில்தான் நொய்யல் மீண்டது எனக் கூறவியலும்.