டாக்டர் சொல்வதை எழுதும் வேலை: காசு கட்டும் முன் யோசியுங்கள்



மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத்தில் ஐந்தாம் பாரம் முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு ஒன்றுதான். "அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?" உடனே யாராவது ஒரு விளம்பரத்தைக் காட்டுகிறார்கள். "மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படியுங்கள். வீட்டிலிருந்தே வேலை. டாலரில் வருமானம்." பெண்பிள்ளையை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் தாய்தகப்பனுக்கு இது தேனாக இனிக்கிறது. சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிவிடலாமா என்று மனம் ஓடுகிறது. அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

இது என்ன வேலை?

நம் தோட்டத்துக் கிராணியை உங்களுக்குத் தெரியும். எடை போட்ட பாலையும், வெட்டிய குலையையும், வேலைக்கு வந்த ஆளையும் செக்ரோலில் பதிவது அவர் வேலை. டிரான்ஸ்கிரிப்ஷன் செய்பவரை ஆஸ்பத்திரிக் கிராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, நோய் என்ன, கொடுத்த மருந்து என்ன, செய்த ஆப்பரேஷன் என்ன என்பதை வாயால் சொல்லிப் பதிவு செய்கிறார். அந்தக் குரலைக் காதில் மாட்டிக் கேட்டு, காலால் மிதிக்கும் ஒரு பெடலால் நிறுத்தி நிறுத்தி, எழுத்தில் தட்டித் தருவதுதான் இந்த வேலை.

"இவ்வளவுதானா? டைப் அடிக்கத் தெரிந்தால் போதுமே!" என்பீர்கள். போதாது. ஆங்கிலத்தில் இலியம் என்று ஒலிக்கும் சொல் இரண்டு உண்டு. ஒன்று சிறுகுடலின் கடைசிப் பகுதி. மற்றது இடுப்பெலும்பு. எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஹைப்பர்டென்ஷன் என்றால் ரத்தக் கொதிப்பு, ஹைப்போடென்ஷன் என்றால் ரத்த அழுத்தம் குறைந்து போவது. ஃபிஃப்டீன் என்றால் 15, ஃபிஃப்டி என்றால் 50. டாக்டர் அவசரத்தில் பேசும்போது எது எது என்று காதுக்குத் தெரிய வேண்டும். காது ஏமாந்தால் உடற்கூறு அறிவு கைகொடுக்க வேண்டும்.

எட்டு எண்பதான கதை

கிராணி ஒரு சுழியைத் தவறாகப் போட்டால் நம் சம்பளம் குறையும். சண்டை போட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக் குறிப்பில் சுழி தவறினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 2008-ஆம் ஆண்டு இப்படி நடந்தது. தாமஸ் ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு பெண்மணியை வேறு பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள். அவர் நீரிழிவு நோயாளி. டாக்டர் வாயால் சொன்ன குறிப்பை எழுதும் வேலை ஒரு கம்பெனிக்குப் போய், அங்கிருந்து கைமாறி இந்தியாவுக்குப் போனது. இன்சுலின் 8 யூனிட் என்பது 80 யூனிட் என்று எழுத்தில் வந்துவிட்டது. போன இடத்தில் அந்த 80-ஐயே ஊசியில் ஏற்றினார்கள். அந்த அம்மா பிழைக்கவில்லை. 2012-இல் ஜூரிகள் அந்தக் குடும்பத்துக்கு 14 கோடி டாலர் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். பணம் உயிரைத் திருப்பித் தருமா?

ஆகவே இந்தத் தொழிலின் முதல் பாடம் இதுதான்: காதில் சரியாக விழாவிட்டால் ஊகித்து எழுதாதே. இடத்தைக் காலியாக விட்டுக் குறி போட்டு, மேலே இருப்பவரிடம் கேள். எந்தப் பயிற்சி நிலையம் முதல் நாளிலேயே இதைச் சொல்லித் தருகிறதோ அதுதான் உருப்படியான நிலையம்.

காலம் மாறிவிட்டது

1990-களின் கடைசியிலும் 2000-க்குப் பிறகும் இந்தத் தொழில் சென்னை, பெங்களூர் போன்ற இடங்களில் காட்டுத்தீயாய்ப் பரவியது. அமெரிக்காவில் இரவு என்றால் இந்தியாவில் பகல். டாக்டர் பேசிவிட்டுத் தூங்கி எழுவதற்குள் குறிப்பு தயாராகிவிடும். வேலை பெருகியதும் பயிற்சி நிலையங்களும் பெருகின. கட்டணம் கட்டிச் சர்ட்டிபிகேட் வாங்கியும் வேலை கிட்டாமல் நின்ற இளைஞர்கள் அங்கே உண்டு.

இன்று குரலைக் கேட்டுத் தானே எழுதும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அத்தகைய மென்பொருளுக்குப் பேர்போன நுவான்ஸ் கம்பெனியை மைக்ரோசாப்ட் 2022-இல் ஏறக்குறைய 2,000 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர இலாகாவும் இந்த வேலைகள் வரும் ஆண்டுகளில் குறையும் என்றே கணித்திருக்கிறது. மிச்சம் இருக்கும் வேலையில் பெரும்பகுதி, இயந்திரம் எழுதியதைக் குரலோடு ஒப்பிட்டுத் திருத்துவது. அதற்குப் புதியவரைவிடக் கைதேர்ந்தவரையே தேடுவார்கள்.

நம் நாட்டு நிலை என்ன? அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளியின் குறிப்பைப் பெரும்பாலும் டாக்டரே எழுதுகிறார். செலாயாங் ஆஸ்பத்திரி 1999-இல் திறந்தபோதே காகிதம் இல்லாமல் கம்ப்யூட்டரில் ஓடும் ஆஸ்பத்திரியாகத்தான் திறந்தது. எனவே டிரான்ஸ்கிரிப்ஷன் என்ற பெயரிலேயே வேலையைத் தேடினால் கால் தேய்ந்துபோகும். ஆனால் இந்தப் படிப்புக்குச் சொந்தக்கார வேலைகள் இருக்கின்றன: மெடிக்கல் ரிப்போர்ட் தட்டுவது, மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு, இன்சூரன்ஸ் பாரங்களைக் கவனிக்கும் பிரிவு, நோய்களுக்கு ஐ.சி.டி.-10 என்னும் உலக முறைப்படி எண் போடும் வேலை, கிளினிக் முன்மேசை. மருத்துவச் சொற்களும் சுத்தமான டைப்பும் இந்த இடங்களில் கைகொடுக்கும்.

பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் முறை

டாக்டர், நர்ஸ் ஆகியோருக்குப் பதிவுச் சட்டம் உண்டு. தோட்டத்து டிரசருக்குக்கூட 1965-ஆம் ஆண்டிலேயே பதிவுச் சட்டம் வந்தது. டிரான்ஸ்கிரிப்ஷனுக்கு நம் நாட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. அதனால் கடை போட்டவர் எல்லாம் சர்ட்டிபிகேட் அச்சடிக்கலாம். பணம் கட்டும் முன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரில் போய், கூச்சப்படாமல் கேளுங்கள்:

1. இந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் பெற்றதா? அங்கீகரித்த படிப்புகளின் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது. பேரைச் சொல்லிச் சரிபாருங்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால் பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்காது.

2. போன வருஷம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? மூன்று பேரிடம் பேச முடியுமா? "நிறையப் பேர் இருக்காங்க" என்று சொல்லி ஒருவரைக்கூடக் காட்டாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

3. உண்மையான டாக்டர்களின் குரலைக் கேட்டுப் பழக எத்தனை மணி நேரம்? அமெரிக்கர், இந்தியர், சீனர் என்று பலவித உச்சரிப்பும் உண்டா? தட்டியதைத் திருத்தித் தருபவர் யார்?

4. உடற்கூறு, மருந்துப் பெயர்கள், நோயாளி ரகசியம் ஆகிய மூன்றும் பாடத்தில் இருக்கின்றனவா?

5. இடையில் நின்றால் பணம் திரும்ப வருமா? எழுத்தில் தருவார்களா?

காசு செலவில்லாத பரீட்சை ஒன்று வீட்டிலேயே வைக்கலாம். ரேடியோவில் ஆங்கிலச் செய்தியை ஐந்து நிமிடம் பதிவு செய்து பிள்ளையைத் தட்டச் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் 100-க்கு 98 சரியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பத்து வரிக்கு ஐந்து பிழை வந்தால், முதலில் ஆங்கிலத்தையும் டைப்பையும் சீர்ப்படுத்துவோம். அவசரம் ஒன்றும் இல்லை.

பிள்ளைக்கு ஆஸ்பத்திரி வேலை மேல்தான் ஆசை என்றால், சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் நர்ஸ், உதவி மருத்துவ அதிகாரி படிப்புகளையும் விசாரியுங்கள். அலுவலக வேலை என்றால் நம் மெர்லிமாவ் போலிடெக்னிக்கிலேயே வணிகப் பிரிவு இருக்கிறது. வாசலில் இருப்பதை விட்டுவிட்டுத் தூரத்துக்கு ஓட வேண்டாம்.

முதல் வேலை

படித்து முடித்த பிள்ளை முதல் வேலையை வீட்டிலிருந்து தொடங்காமல், ஓர் ஆஸ்பத்திரிக்கோ கிளினிக்குக்கோ போய்த் தொடங்குவது நல்லது. தப்பைத் திருத்தப் பக்கத்தில் ஆள் இருப்பார். மெர்லிமாவில் இருந்து மலாக்கா டவுன் ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். மாக்கோத்தா, ஆயர் குரோ பந்தாய் போன்ற தனியார் ஆஸ்பத்திரிகளில் பதிவேட்டுப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். இன்று இல்லை என்றாலும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வீட்டு வேலைதான் கிடைத்தது என்றால் கூலிக் கணக்கைப் பாருங்கள். இந்தத் தொழிலில் கூலி வரிக்கு இவ்வளவு என்று வரும். இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி என்பது வழக்கமான கணக்கு. கணக்குக்காக வரிக்கு 10 சென் என்று வைப்போம். புதுப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் 60 வரி முடித்தால் 6 ரிங்கிட். 2025 முதல் நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8 ரிங்கிட் 72 சென். எது பெரியது என்று நீங்களே பாருங்கள். ஊழியராகச் சேர்க்காமல் கொந்தராக்ட் ஆளாக வைத்தால் முதலாளி பங்கில் ஊழியர் சேமநிதி வராது. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுயதொழில் செய்வோருக்குச் சொக்சோ திட்டம் உண்டு. ஆனால் சந்தாவை நீங்களேதான் கட்ட வேண்டும்.

கொந்தராக்ட் கைமாறினால் கடைசிக் கைக்கு என்ன மிஞ்சும் என்று தோட்டத்தில் பிறந்த நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2003-இல் சான் பிரான்சிஸ்கோவின் பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் குறிப்புகள் ஒரு கம்பெனிக்குப் போய், அங்கிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று கைமாறி, பாகிஸ்தானில் கராச்சியில் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தன. செய்த வேலைக்குக் கூலி வரவில்லை என்று சொன்ன அந்தப் பெண், பணம் தராவிட்டால் நோயாளிகளின் குறிப்புகளை ஊர் அறிய வெளியிடுவேன் என்று ஆஸ்பத்திரிக்கே எழுதிவிட்டார். கொஞ்சம் பணம் கைக்கு வந்த பிறகுதான் மிரட்டலைக் கைவிட்டார். அவர் செய்தது தவறு. நோயாளியின் ரகசியம் பணயப் பொருள் அல்ல. ஆனால் அந்த நிலைக்கு ஒரு தொழிலாளியைத் தள்ளியது எது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். ஆகவே யாருக்கு வேலை செய்கிறோம், கூலி எந்தத் தேதியில் வரும், தராவிட்டால் யாரிடம் கேட்பது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் முதல் வரியைத் தட்ட வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும் ஒப்பந்தம் புரியாவிட்டால் கையெழுத்துப் போடாமல் சங்கக் கிளைக்குக் கொண்டு வாருங்கள்.

உடம்பும் முக்கியம்

உட்கார்ந்த வேலைதானே என்று எண்ணாதீர்கள். மணிக்கட்டு, கழுத்து, முதுகு, கண் எல்லாம் வலி காணும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள பொருளை 20 வினாடி பாருங்கள். மணிக்கொரு தடவை எழுந்து நடங்கள். ஹெட்போன் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். அமெரிக்க நேரத்துக்கு ஏற்ப இரவில் விழித்து வேலை செய்பவர் பகலில் இருட்டறையில் நிம்மதியாகத் தூங்க வீட்டார் ஒத்துழைக்க வேண்டும். குறிப்பில் படித்த நோயாளி விஷயம் எதையும் வீட்டிலோ வெளியிலோ பேசவே கூடாது.

பெற்றோர்களே, பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நிற்க வேண்டாம். நல்ல காதும் நிதானமும் உள்ள பிள்ளைக்கு இது கௌரவமான தொழில். ஆனால் வேலை எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். அதற்குத் தகுந்த பயிற்சியைத் தேடுங்கள். பணம் கட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி.